இருபது டிகிரி கழிவு

எங்கள் அப்பாவை உயிரோடு வைத்திருக்க ஒரு நாளைக்குப் பதினாறு யூனிட் மின்சாரம் ஆனது. அதிகம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. பெற்ற தகப்பனுக்கு யூனிட் கணக்குப் பார்க்கிறவன் மனுஷனா என்று நீங்கள் நினைக்கலாம். நான் அப்பாவுக்குக் கணக்குப் பார்க்கவில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. மீட்டர் பார்த்தது. நான் மீட்டரைப் பார்த்தேன்.

நடந்ததை எழுதிக் கொடு என்றீர்கள், எழுதுகிறேன். பில் போட்டுப் பழகிய கை. வரி கோணலாக இருக்கும், விஷயம் கோணாது.

முதலில் ஒன்று. வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்களே, என் தங்கச்சி கணவர், அந்த மாப்பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். உங்கள் கம்ப்யூட்டர் நிபுணர் கொடுத்த அறிக்கையில் 'கவனக்குறைவு' என்று ஒரு வார்த்தை வருகிறது. சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுப் போட்டோமா என்று இன்னொரு தடவை தொட்டுப் பார்க்கிற ஆள் அவர். அவர் வேலையில் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. குறை சொல்லாமலேயே அவர் தலையில் விடிந்ததென்றால் அது வேறு கதை. அதையும் சொல்கிறேன்.

எங்கள் அப்பா ஆணி வியாபாரி. ஆணி, திருகாணி, போல்ட்டு, நட்டு எல்லாம் எடைக்கு வாங்கி எடைக்கு விற்பது. பட்டறைக்காரர்கள் சரக்கைத் தகர டப்பாவில் கொண்டுவருவார்கள். டப்பாவோடு தராசில் வைத்துவிட்டு, டப்பாவின் எடையைக் கழிக்க வேண்டும். அப்பா அதைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி செய்வார். "டப்பா கழிச்சாச்சு, பாத்துக்குங்க" என்பார். பிறகு சீட்டு எழுதும்போது, உதடு அசையாமல், இன்னொரு தடவை கழிப்பார். யாராவது கண்டுபிடித்துவிட்டால் நெற்றியில் தட்டிக்கொண்டு, "அடடா, கழிச்சதை மறந்து மறுபடியும் கழிச்சிட்டேன் பாருங்க. வயசாகுது" என்று சிரிப்பார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவருக்கு வயசாகிக்கொண்டே இருந்தது. கண்டுபிடித்தவர்களும் சிரித்துக்கொண்டேதான் போவார்கள். மறதிக்கு யாரும் வழக்குப் போடுவதில்லை.

தெருவில் அவருக்கு 'தராசு' என்று பேர். அந்தப் பேரில் கொஞ்சம் கிண்டலும் உண்டு, கொஞ்சம் பயமும் உண்டு.

அந்தத் தராசு ஒருநாள் கல்லாவுக்குப் பின்னால் சாய்ந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது அவரிடம் மிச்சமிருந்தது மூச்சும் கண்ணும் மட்டும்தான். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "இவருக்கு இனிமே வேர்க்காது. உடம்புல சூடு ஏறிச்சுன்னா இறங்காது. ரூம் எப்பவும் குளிர்ச்சியா இருக்கணும். அந்த ஒரு விஷயத்துல மட்டும் அசால்ட்டா இருந்துடாதீங்க."

வீட்டோடு வந்து பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸம்மா கிடைத்தார். அவர்தான் அந்த ஏற்பாட்டைச் செய்தார். கேள்வி கேட்டால், ஒரு தடவை கண் சிமிட்டினால் சரி. இரண்டு தடவை சிமிட்டினால் வேண்டாம். வாழ்நாள் முழுக்க நடுவில் எங்கேயோ ஒரு விலைக்கு முடித்துப் பழகிய மனுஷனுக்கு, நடுவே இல்லாத இரண்டு பதில். பாவமாகத்தான் இருந்தது.

எங்கள் கட்டடத்தில் கீழே ஆணிக் கடை, மேலே வீடு. மேலே மேற்குப் பார்த்த ஒரு அறையில்தான் ஏசி இருந்தது. அது அப்பாவுக்காகப் போட்டதல்ல, கம்ப்யூட்டருக்காகப் போட்டது. ஆணியை மட்டும் நம்பியிருந்தால் துருப்பிடித்துப் போவோம் என்று நான் ஒரு பெரிய கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டிருந்தேன். கட்டாத வீட்டைக் கட்டி முடித்த மாதிரி படமாகக் காட்டுவது அதன் வேலை. ஊரிலுள்ள இன்ஜினியர்கள் வரைபடத்தை அனுப்புவார்கள், இது இராப்பகலாக மென்று படமாகத் துப்பும். மாப்பிள்ளைதான் அதை ஓட்டுகிற சிஸ்டமாகக் காசில்லாத லினக்ஸைப் போட்டுக் கொடுத்தார். "இது வாடகை கேக்காது மச்சான், சொன்ன வேலையைச் செய்யும்" என்றார். "அப்போ எனக்கும் ஒண்ணு போடச் சொல்லுங்க, வீட்ல ஒருத்தர் அப்படி இல்ல" என்றாள் என் மனைவி.

ஏசி ஒன்று, குளிர்ச்சி வேண்டியவர்கள் இரண்டு பேர். தங்கச்சிதான் வழி சொன்னாள். "அண்ணா, அப்பாவையும் அந்த ரூம்லயே போடு. அந்தப் பெட்டிக்குக் கிடைக்கிற குளிர்ச்சி அப்பாவுக்கும் கிடைக்கட்டும்." அப்படியே செய்தோம். சுவர் ஓரமாகக் கட்டில், கால்மாட்டில் கம்ப்யூட்டர்.

பெட்டியின் மூளை என்று சொல்கிற ப்ராசஸருக்குள்ளேயே ஒரு வெப்பமானி இருக்கிறதாம். மாப்பிள்ளை ஒரு சின்ன புரோகிராம் எழுதினார். அது நிமிஷத்துக்கு ஒருமுறை அந்த வெப்பமானியைக் கேட்கும். எண்பது டிகிரியைத் தாண்டினால் கீழே கடையில் மணி அடிக்கும், மாப்பிள்ளையின் போனுக்கும் தகவல் போகும்.

"பெட்டி வெந்துபோகாம இருக்கவா?" என்று கேட்டேன்.

"பெட்டி கிடக்குது மச்சான். அது தன்னைத்தானே பாத்துக்கும். தொண்ணூத்தஞ்சு வந்தா தானா வேகத்தைக் குறைச்சுக்கும், அதுக்கு மேல ஏறவே விடாது. இது மாமாவுக்கு. ஏசி நின்னா ரூம் சூடாகும், ரூம் சூடானா பெட்டி சூடாகும். மாமாவால கூப்பிட முடியாது. பெட்டி கூப்பிடட்டும்."

எனக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. படுத்த பிறகு அப்பாவுக்கு முதல்முறையாக ஒரு குரல் கிடைத்த மாதிரி இருந்தது.

குரல் கிடைத்ததும் சும்மா இருக்கவில்லை. காலையில் அடிக்கும், சாப்பிடும்போது அடிக்கும், வாடிக்கையாளரோடு பேரம் படிகிற நேரம் பார்த்து அடிக்கும். ஓடிப்போய்ப் பார்த்தால் அறை ஜில்லென்று இருக்கும், அப்பா போர்வைக்குள் இருப்பார். எங்கள் கடைக்கு ரொம்ப நாளாக வருகிற தச்சர் ஒருவர், "என்ன முதலாளி, நான் விலை குறைக்கக் கேட்டா மேல இருந்து பெரியவர் மணி அடிக்கிறாரா?" என்றார். நான் சிரித்தேன். அவருக்கு விலை குறைக்கவில்லை.

மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தார். ஒரு கட்டளை அடித்தால் திரையில் வரிசையாக எண்கள் வரும். ஒரு வரி எப்போது பார்த்தாலும் பதினாறு என்றே சொல்லும், நின்றுபோன கடிகாரம் மாதிரி. இன்னொன்று சைபருக்குக் கீழே நூற்றுச் சொச்சம்.

"இது என்ன மாப்ள, இவ்வளவு குளிரா?"

"அதுல வெப்பமானியே மாட்டல மச்சான், காலிக் குழி. ஆனாலும் வாய் சும்மா இருக்காம ஒரு நம்பரைச் சொல்லிக்கிட்டே இருக்கு."

"எங்க பெரியப்பா மாதிரி."

"நம்பவேண்டியது இந்த ஒரு வரிதான். இப்போ எண்பத்திரண்டு சொல்லுது. ஆனா தொட்டா அப்படித் தெரியலையே" என்று பெட்டியைத் திறந்து, தகடுகளின் மேல் கை வைத்துப் பார்த்தார். விசிறியைப் பார்த்தார், ஓடியது. தூசு தட்டினார், பெரிதாக ஒன்றும் இல்லை. ப்ராசஸருக்கும் தகட்டுக்கும் நடுவில் தடவுகிற பசை காய்ந்துவிட்டதோ என்று துடைத்துப் புதிதாகத் தடவினார். திரும்பப் போட்டால் எண்பத்தொன்று.

நான் பொறுமை இழந்தேன். "எண்பதுன்னு வச்சிருக்கீங்களே, தொண்ணூறுக்கு முடிச்சுக்கலாமே மாப்ள? உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்."

"மச்சான், இது ஆணி மூட்டையா, பேரம் பேச? சூடு படியாது."

அன்று சாயங்காலம் வரை இணையத்தில் தேடிவிட்டு அவரே கண்டுபிடித்தார். அந்த ரக ப்ராசஸரை அதைச் செய்தவர்களே இருபது டிகிரி கூட்டிச் சொல்லும்படி செய்திருக்கிறார்கள். விசிறி முன்கூட்டியே வேகம் எடுக்கட்டும் என்று ஒரு தந்திரம். அசல் சூடு வேண்டுமென்றால் சொல்கிற எண்ணில் இருபதைக் கழித்துக்கொள்ள வேண்டும். அதற்கென்று ஒரு ஃபைல் இருக்கிறது, அதில் ஒரு வரி எழுதினால் போதும். எழுதினார். எண்பத்தொன்று அறுபத்தொன்று ஆனது. மணி அடங்கியது.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "டப்பாக் கழிவு!" என்றேன். கட்டிலருகே போய் அப்பாவிடம் சொன்னேன். "கேட்டீங்களாப்பா? இவங்களும் டப்பாவோடதான் எடை போடுறாங்க. மாப்ள டப்பாவைக் கழிச்சிட்டார்." அப்பா மாப்பிள்ளையைப் பார்த்து ஒரு தடவை கண் சிமிட்டினார்.

அந்த ஒற்றைச் சிமிட்டலைக் கொஞ்சம் கவனியுங்கள். தங்கச்சிக்கு ஒன்று, மாப்பிள்ளைக்கு ஒன்று, நர்ஸம்மாவுக்கு ஒன்று. என் மனைவிக்குக்கூடப் பல நாள் ஒன்று. எனக்கு இரண்டு. ஜன்னலைத் திறக்கவா? இரண்டு. ரேடியோ வைக்கவா? இரண்டு. தலையணையைச் சரி செய்யவா? இரண்டு. அதற்காக நான் சலித்துக்கொண்டதே கிடையாது. வியாபாரத்தில் முதல் பதில் எப்போதும் வேண்டாம்தான், நான் அறியாததா?

பக்கத்துக் கட்டடத்து ஃபர்னிச்சர் கடைக்காரர் எங்கள் கட்டடத்தை விலைக்குக் கேட்டார். நல்ல விலை. ஆணிக்கடை ஒருபோதும் தரமுடியாததை அவர் தருவதாக இருந்தார். வேறு இடத்தில் பெரிதாக, பத்துக் கம்ப்யூட்டர்களோடு உட்காரலாம். ஆனால் கட்டடம் அப்பா பேரில். பத்திரப் பதிவு அலுவலரை வீட்டுக்கே வரவழைத்தேன். வயசானவர், மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகக் கேட்டார். "ஐயா, இந்தச் சொத்தை உங்க மகன் விக்கிறதுக்கு உங்களுக்குச் சம்மதமா?"

அப்பா சிமிட்டினார். சிமிட்டினார்.

"சார், அது ஒண்ணுதான்" என்றேன். "ஏசிக் காத்துல கண்ணு காஞ்சுபோயிடுது. முதல் சிமிட்டல் கண்ணுக்கு, ரெண்டாவது பதிலுக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "எனக்கு ரெண்டு தெரிஞ்சுதுப்பா. வேணும்னா இன்னொரு தடவை கேக்கட்டுமா?"

இன்னொரு தடவை கேட்டார். இன்னொரு தடவை இரண்டு. கோப்பை மூடி, நான் கொடுத்த குளிர்பானத்தைக் குடித்துவிட்டுப் போனார். ஃபர்னிச்சர்காரர் வாசலில் நின்று கேட்டார். "என்ன, தராசு எந்தப் பக்கம் சாஞ்சுது?" நான் யோசிக்க அவகாசம் கேட்டேன். வெயில் காலம் முடிகிறவரை தருகிறேன் என்றார்.

அந்த வெயில் காலத்தில் ஏசி மக்கர் பண்ண ஆரம்பித்தது. உச்சி வெயிலில் திடீரென்று, லைனை வெட்டுகிற அதன் பிரேக்கர் சுவிட்ச் விழுந்துவிடும், மணி அடிக்கும், நான் மேலே ஓடிப்போய்ப் பிரேக்கரைத் தூக்கிவிடுவேன். கடை வேலையை அப்படியே விட்டுவிட்டு ஓடுவேன். தெருவே பார்த்திருக்கிறது, நீங்கள் விசாரிக்கலாம். "பிள்ளைன்னா இப்படி இருக்கணும்" என்று தச்சர் சொன்னது என் காதிலேயே விழுந்தது. நல்ல பேர் என்பது கையிருப்பு மாதிரி. எப்போது தேவைப்படும் என்று தெரியாது.

இதற்கு நடுவில் மாப்பிள்ளை லினக்ஸைப் புதுப்பித்தார். கடைக்கு வந்து, சரக்கு எண்ணிக்கொண்டிருந்த என்னிடம் நின்று சொன்னார். "மச்சான், புதுசுல அந்த இருபதை சிஸ்டமே கழிச்சிடுது. நம்ம வரி இனிமே வேண்டாம், அழிச்சிட்டேன். அது இருந்தா ரெண்டு தடவை கழிஞ்சுடும். அசல் தொண்ணூறு இருந்தாலும் எழுபதுன்னு காட்டும், மணியே அடிக்காது. ஆபத்து."

சொல்லிவிட்டு, அழித்தோமா என்று மறுபடியும் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அதுதான் மாப்பிள்ளை.

நான் கையில் நட்டுகளை வைத்துக்கொண்டு நின்றேன். எண்ணிக்கை விட்டுப்போய்விட்டது. ப்ராசஸர் தொண்ணூற்றைந்துக்கு மேல் ஏறாது என்று அவரே முன்பு சொல்லியிருந்தார். தொண்ணூற்றைந்தில் இருபது போனால் எழுபத்தைந்து. மணி எண்பதில். உலகமே பற்றி எரிந்தாலும் அந்த மணி அடிக்காது. இவ்வளவு துப்புரவான கணக்கை நான் வியாபாரத்தில்கூடப் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் எனக்கு ஒரு எண்ணமும் இல்லை, ஐயா. கணக்கு அழகாக இருந்தது, அவ்வளவுதான்.

நர்ஸம்மா விடுப்பே எடுக்காமல் ரொம்ப நாள் ஓடியிருந்தது. அவர் கேட்கவில்லை, நானே கொடுத்தேன். என் மனைவி பிள்ளைகளோடு அவள் அம்மா வீட்டுக்குப் போக ஆசைப்பட்டாள். போய்ட்டு வா என்றேன். "நீங்களா சொல்றீங்க? உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். அன்று வெயில் நன்றாக இருந்தது.

காலையிலேயே மேலே போய் அந்த ஃபைலைத் திறந்தேன். மாப்பிள்ளையின் பேரில்தான் எல்லாம். கடவுச்சொல் என் தங்கச்சியின் செல்லப் பேர், வீட்டில் தெரியாதவர்கள் இல்லை. அவர் அழித்த வரியை அதே இடத்தில் அதே மாதிரி எழுதினேன். அறுபது நாற்பதாயிற்று. பிறகு இன்ஜினியர்களிடமிருந்து வந்து தேங்கிக் கிடந்த படங்கள் அத்தனையையும் ஒரே மூச்சில் ஓடவிட்டேன். வேலை அதிகமானால் பெட்டி அடுப்பு மாதிரி காற்றைத் தள்ளும்.

ஏசியின் தண்ணீர்க் குழாய் கடை வாசலில் ஒரு வாளியில் சொட்டும். கீழே உட்கார்ந்துகொண்டு அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொட்டு நின்றால் பிரேக்கர் விழுந்துவிட்டது என்று அர்த்தம். தானாகவே விழட்டும் என்றுதான் நினைத்தேன். தினமும் விழுகிறதுதானே. நான் செய்யப்போவது ஓடாமல் இருப்பது மட்டும்தான். ஓடாமல் இருப்பது ஒரு காரியமா?

அன்றைக்குப் பார்த்து ஏசி பிரமாதமாக ஓடியது. வெயில் உச்சிக்கு வந்து தாண்டியும் வாளியில் டக் டக் என்று விழுந்துகொண்டே இருந்தது. வாங்குகிறவன் கையில் பணத்தோடு நிற்கும்போது சரக்கு வரவில்லை என்றால் எப்படி இருக்கும்? கடைசியில் நானே மேலே போய்ப் பிரேக்கரைக் கீழே தள்ளினேன். அறைக்கு வெளியே, மாடிப்படி ஓரத்தில் இருக்கிறது. அதன் மேல் என் கைரேகை இருப்பதில் உங்களுக்குச் சந்தேகம் வராது, தினமும் தூக்கிவிடுகிற கை. அறைக் கதவையும் சாத்தினேன். கீழே வந்தேன். வாளி அமைதியாக இருந்தது.

தச்சர் வந்தார். இரண்டு அங்குல ஆணியும் கீல்களும் கேட்டார். அவரோடு நான் அன்று பேசிய பேரம் மாதிரி அதற்கு முன்பு பேசியதே இல்லை. சிரிக்கச் சிரிக்கப் பேசினோம். "இன்னிக்குப் பெரியவர் மணி அடிக்கலையே முதலாளி?" என்றார். "தூங்குறார்" என்றேன். அவருக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தேன். அதுதான் அவருக்கே ஆச்சரியம். உங்களிடம்கூடச் சொல்லியிருப்பார்.

இடையில் ஒரு தடவை மேலே போனேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சாயங்காலம் பிரேக்கரைத் தூக்கிவிட்டேன். அறை குளிர்ந்த பிறகு டாக்டரைக் கூப்பிட்டேன். பிரேக்கர் விழுந்தது தெரியவில்லை, மணி அடிக்கவில்லை, மத்தியானம் முழுக்க நான் கடையைவிட்டு நகரவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. மாப்பிள்ளை சொன்ன மாதிரியே வேகத்தைக் குறைத்துக்கொண்டு தன் உயிரைப் பிடித்துக்கொண்டது. படங்கள் கொஞ்சம் தாமதமாக வந்தன, தரத்தில் குறையில்லை.

அந்த வரியை நான் அழிக்கவில்லை. ஏன் என்று உங்கள் நிபுணர் ஆச்சரியப்பட வேண்டாம். அழித்திருந்தால் மணி ஏன் அடிக்கவில்லை என்பதற்குக் காரணம் இல்லாமல் போயிருக்கும். வரி இருந்தால் காரணம் உண்டு. கழித்ததை மறந்து மறுபடியும் கழிந்துவிட்டது. மறதிக்கு யாரும் வழக்குப் போடுவதில்லை என்று நினைத்தேன். நீங்கள் போடுவீர்கள் என்று எனக்குத் தெரியாது.

மாப்பிள்ளை வந்து திரையைப் பார்த்தார். அந்த வரியைப் பார்த்தார். நின்றவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அழிச்சேனே" என்றார். கொஞ்சம் கழித்து, "அழிச்ச மாதிரிதான் ஞாபகம்" என்றார். இன்னும் கொஞ்சம் கழித்து, "அழிக்கணும்னு நினைச்சேன்" என்றார். என் கண்ணெதிரே அவரே தன் விலையை இறக்கிக்கொண்டு வந்தார். தங்கச்சி அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "ஒரு வரி. ஒரே ஒரு வரியை அழிக்க உனக்குக் கை வரலையா? எங்கப்பா வெந்து செத்தாரே!" நான்தான் விலக்கிவிட்டேன். "விடும்மா, மாப்ள வேணும்னா செஞ்சார்? மனுஷன்னா மறதி இருக்காதா?" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. அவர்மேல் எனக்கு என்றைக்குமே மரியாதை உண்டு.

நேற்றுத் தங்கச்சி கடைக்கு வந்தாள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தனியாகப் போய்விடப் போவதாகச் சொன்னாள். அவர் முகத்தைப் பார்த்தால் அப்பா ஞாபகம்தான் வருகிறதாம். நான் சமாதானம் சொன்னேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்பா ரொம்பத் தவிச்சிருப்பாரா அண்ணா? யாரும் இல்லாம, கூப்பிடக்கூட முடியாம..." என்றாள்.

அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்துவிட்டேன். "தவிக்கலம்மா. நிம்மதியாதான் இருந்தார். போதுமான்னு கேட்டேன், ஒரு தடவை கண்ணைச் சிமிட்டினார்" என்றேன்.

அவள் முகத்திலிருந்து கையை எடுத்தாள்.

"எப்போ கேட்டே?"

நான் ஆணிகளைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்கு மத்தியானம் முழுக்கக் கடையைவிட்டு நகரவே இல்லைன்னு சொன்னியே அண்ணா. எப்போ கேட்டே?"

எங்கள் பரம்பரையிலேயே யாரும் கேட்டதற்கு மேல் ஒரு குண்டுமணி கூட நிறுத்துக் கொடுத்ததில்லை. நான் ஒரு வாக்கியம் கூடப் போட்டுவிட்டேன். அவள் எழுந்து, என்னைப் பார்த்துக்கொண்டே பின்பக்கமாக நடந்து வெளியே போனாள். அவள் உங்களிடம் வருவதற்கு முன்னால் நானே வந்துவிட்டேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் வாங்கிய சரக்குக்கு மாப்பிள்ளை பில் கட்டுவது முறையில்லை என்பதால்தான் வந்தேன். வேறு காரணம் இல்லை.

கட்டடத்துக்காகச் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். வெயில் காலம் முடிந்துவிட்டது, ஃபர்னிச்சர்காரர் வேறு இடம் பார்த்துவிட்டார். அப்பாவைக் கொன்றேன் என்று எழுதுங்கள், மறுக்கவில்லை. பிரேக்கரைத் தள்ளியது நான், வரியை எழுதியது நான், கதவைச் சாத்தியது நான். ஆனால் கேட்காமல் செய்தேன் என்று எழுதக்கூடாது. அதைத்தான் கடைசியில் சொல்கிறேன் என்றேன்.

மேலே போனபோது கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்தது வெக்கை. திரை எழுபத்தைந்து என்று சொன்னது. அப்பாவின் முகம் சிவந்து, ஒரு சொட்டு வேர்வை இல்லாமல், தேய்த்த செம்பு மாதிரி இருந்தது. கண் என்மேல்தான் இருந்தது. குனிந்து, காதருகே, மரியாதையாகக் கேட்டேன். "போதும்தானேப்பா? முடிச்சுக்கலாமா?" அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நான் பிரேக்கரைத் தூக்கிவிட்டிருப்பேன். பிரேக்கர் எட்டே அடி தூரத்தில் இருந்தது.

அவர் பதில் சொன்னார். நான் சரியாகவே எண்ணினேன். ஆனால் அந்த வெக்கையில், வேர்க்காத உடம்பில், கண் காய்ந்துதான் போகும். காய்ந்த கண் தானாக ஒரு தடவை மூடித் திறக்கும். அது சரக்கு இல்லை, டப்பா. யாராக இருந்தாலும் அதைக் கழிக்கத்தான் வேண்டும்.

கண்ணால் கண்டது இரண்டு.
டப்பாக் கழிவு ஒன்று.
நிகர எடை ஒன்று. ஒன்று என்றால் சரி.